பாகு இல்லாத பொரி உருண்டை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பலகையில் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனாலும் எங்கள் ஆட்கள் இன்றுவரை பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகிறேன், பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து வருகிறேன் என்றே பேசுகிறார்கள். அதே பிடிவாதத்தோடு என் அம்மாவும், நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆண்டிறுதி விருந்துக்கும் பிடிக்கிற, மார்ஷ்மெல்லோ என்னும் மெத்தென்ற மிட்டாயை உருக்கிச் சேர்த்த பாப்கார்ன் உருண்டையைப் பொரி உருண்டை என்றே சொல்லி வருகிறார். தொடக்கத்தில் நான் அவரைத் திருத்திப் பார்த்ததுண்டு. பிறகு ஒருநாள், மலாய்க்காரர்கள் பாப்கார்னை 'பெர்த்தே ஜாகுங்' என்று அழைப்பது நினைவுக்கு வந்தது. 'பெர்த்தே' என்றால் நெற்பொரி, 'ஜாகுங்' என்றால் சோளம். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்கள் வழக்கில் மக்சிக், சொல்வதும் என் அம்மா சொல்வதும் ஒன்றாக இருக்கும்போது, நான் ஒருத்தி மட்டும் பாப்கார்ன் என்று அடம்பிடிப்பதில் பொருளில்லை என்று விட்டுவிட்டேன்.

அம்மா மனத்தில் வைத்திருக்கும் பொரி உருண்டை என் பாட்டி பிடித்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், கார்த்திகைத் தீபத்துக்கு முதல் நாள், தஞ்சோங் காராங் பக்கத்து வயலிலிருந்து யார் மூலமாவது வந்து சேர்ந்த நெல்லைப் பாட்டி சூடான மணலில் போட்டுப் பொரிப்பார். மணலைச் சலித்துவிட்டு, உமியைப் புடைத்து நீக்கிவிட்டு, வெல்லப் பாகுக்காக அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் அதன் பிறகு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பாகை ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, அந்த உருண்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்று சத்தம் கேட்டால்தான் பாகு இறங்கும். இப்போதைய கணக்கில் அது ஏறத்தாழ 125 டிகிரி செல்சியஸ். பாட்டியிடம் இருந்த வெப்பமானி அந்தச் சத்தம் மட்டும்தான். பாகு ஒரு நிமிடம் முந்தினால் உருண்டை உதிரும், ஒரு நிமிடம் பிந்தினால் பல் உடையும். நான் அந்தச் சத்தத்தைக் கற்றுக்கொள்ளவே இல்லை. மார்ஷ்மெல்லோவின் பக்கம் நான் சாய்ந்ததற்கு உண்மையான காரணம் இதுதான்.

பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, நவம்பரில் நடக்கும் ஆண்டிறுதி விருந்துக்குப் பிள்ளைகள் கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது செய்துகொண்டு போவேன். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள்தான் ஒரு விடுமுறையில் வந்து, அங்கே ஹாலோவீனுக்கும் கிறிஸ்துமசுக்கும் பாப்கார்ன் உருண்டை பிடிப்பார்கள், பாகு பதம் எதுவும் வேண்டாம், மார்ஷ்மெல்லோவை வெண்ணெயில் உருக்கினால் போதும் என்று சொன்னாள். அங்கும் பழைய காலத்து உருண்டைகள் கரும்புச் சர்க்கரைப் பாகில்தான் பிடிக்கப்பட்டன என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. மார்ஷ்மெல்லோவை ஒட்டும் பொருளாகப் பயன்படுத்தும் வழக்கத்தை அங்கே வீடுதோறும் கொண்டு சேர்த்தது வேறொரு பண்டம். 1939இல் கெல்லாக்ஸ் நிறுவனத்தின் சமையல் பிரிவில் இருந்த மில்ட்ரெட் டே என்ற பெண்மணி, அரிசிப் பொரியையும் உருக்கிய மார்ஷ்மெல்லோவையும் வெண்ணெயையும் கலந்து வில்லைகள் செய்ய, 1941 முதல் அந்தச் செய்முறையைப் பொரிப் பெட்டியிலேயே அச்சிட்டார்கள். அரிசிப் பொரி, இனிப்பான ஒட்டும் பொருள், நெய்க்குப் பதில் வெண்ணெய். பாட்டி கேட்டிருந்தால், இதை ஏன் உருண்டையாகப் பிடிக்காமல் தட்டில் பரப்பினார்கள் என்று மட்டும்தான் கேட்டிருப்பார்.

பாப்கார்ன் சோளம் தனி வகை. கோலா சிலாங்கூர் சாலையோரத்தில் அவித்து விற்கிற இனிப்புச் சோளத்தை எத்தனை நாள் காயவைத்தாலும் அது பொரியாது. என் மகன் பத்து வயதில் ஒரு கதிரைக் கூரைத் தகரத்தின்மேல் இரண்டு வாரம் காயவைத்து, எண்ணெயில் போட்டு, வீடு முழுக்கப் புகையாக்கியதுதான் மிச்சம். பாப்கார்ன் மணியின் தோல் இறுக்கமானது, உள்ளே ஏறத்தாழ 14 விழுக்காடு ஈரம் இருக்க வேண்டும். அதாவது 100 கிராம் சோளத்தில் 14 கிராம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளிருக்கும் மாவை இளக்கி, ஏறக்குறைய 180 டிகிரியில் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அந்தக் கணத்தில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஒன்பது மடங்கு. தோலில் கீறல் விழுந்த மணியும், காய்ந்துபோன மணியும் பொரியாமல் அடியில் தங்கிவிடும். நம் ஊரில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. மளிகைக் கடையில் திறந்த சாக்கில் கிடக்கும் சோளம் மழைக்காலத்தில் கூடுதல் ஈரத்தை இழுத்துக்கொண்டு, பொரிந்தாலும் சிறுத்து ரப்பராகிவிடும். அதனால் நான் பொட்டலத்தில் வரும் சோளத்தைத்தான் வாங்குகிறேன். வாங்கியதும் மூடி இறுக்கமான மைலோ டின்னில் கொட்டிவிடுகிறேன்.

பொரிப்பதற்கு வெண்ணெய் ஆகாது. 180 டிகிரி வருவதற்குள் அதிலுள்ள பால்பொருள் கருகிவிடும். செம்பனை எண்ணெய் நன்றாகத் தாங்குகிறது. இந்த எண்ணெயை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்கள் வேறு எண்ணெய் தேடுவதும் நியாயமில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை தொடங்கியது இங்கே பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான். தென்னையின் பெயரை வைத்துக்கொண்டு செம்பனைக்குப் பிள்ளையார் சுழி போட்ட தோட்டம் அது. என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காட்டில் இப்போது செம்பனைதான் நிற்கிறது.

அடி கனமான சட்டியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, மூன்றே மூன்று மணிகளைப் போட்டு வைப்பேன். மூன்றும் வெடித்த பிறகு 100 கிராம் சோளத்தைக் கொட்டி, மூடியை ஒரு நூல் அளவு திறந்தபடி வைத்துச் சட்டியை ஆட்டிக்கொண்டே இருப்பேன். அந்த இடுக்கு வழியாக ஆவி வெளியேறவில்லையென்றால் பொரி தன் ஆவியிலேயே நனைந்து சவசவத்துப் போகும். வெடிச் சத்தங்களுக்கு நடுவே இரண்டு மூன்று விநாடி இடைவெளி விழுந்ததும் இறக்கிவிட வேண்டும். ஒரு பெரிய பேசின் நிறையப் பொரி கிடைக்கும். அடுத்த வேலையை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பொரியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறத்தில் அள்ளி, மடியில் சாய்த்து வைத்து இரண்டு தட்டுத் தட்டுவார். பொரி முன்னால் எழும்பிப் போக, பொரியாத மணிகள் அவர் வயிற்றுப் பக்கமாகச் சரசரவென்று உருண்டு வந்து சேரும். அவற்றை விரல் நுனியால் ஒதுக்கி, எண்ணி, ஒரு பழைய தயிர்க் குவளையில் போடுவார். ஏன் எண்ணுகிறார் என்று கேட்டால், "கடைக்காரன் எத்தன ஏமாத்துனான்னு தெரிய வேணாமா?" என்பார். வேடிக்கையாகத் தோன்றினாலும் இந்த வேலையைத் தவிர்க்கக் கூடாது. ஒட்டும் பொருளுக்குள் புதைந்த ஒரு பொரியாத மணி, பாட்டி தாத்தாக்களின் பல்லைப் பதம் பார்த்துவிடும். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாப்கார்னே கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விருந்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் வாழைப்பழம் வைத்துவிடுவேன்.

முதல் முறை நான் செய்த உருண்டைகளை எறிந்தால் நாய் ஓடும். பாகு பார்த்தே வளர்ந்த வீட்டில், உருகியதும் இறக்கு என்று சொன்னால் கை கேட்பதில்லை. மார்ஷ்மெல்லோ உருகிவிட்டது, இன்னும் கொதி வரவில்லையே, பதம் வரவில்லையே என்று தீயைக் கூட்டிக் கிளறிக்கொண்டே இருந்தேன். அது கொஞ்சம் மஞ்சளாகி, கரண்டியில் கயிறுபோல் இழுபட்டது. பாட்டி இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்றுகூட நினைத்தேன். ஆறிய பிறகு பார்த்தால் ஒவ்வொன்றும் கூழாங்கல். மார்ஷ்மெல்லோ என்பது ஏற்கெனவே பதம் பார்த்து முடித்த பண்டம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் தொழிற்சாலையிலேயே காய்ச்சப்பட்டு, விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கிற ஜெலட்டின் சேர்த்து, காற்றை அடித்து நுரைக்கவைத்து வருகிறது. அந்த நுரையைக் கட்டிப் பிடித்திருக்கிற ஜெலட்டின் ஏறத்தாழ 35 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். நம் உள்ளங்கைச் சூட்டைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதலில்லை. அதற்கு மேல் நாம் கொடுக்கிற தீயெல்லாம் உள்ளிருக்கும் நீரை விரட்டிச் சர்க்கரையை இறுக்கத்தான் உதவும். பாகுக்குத் தீ நண்பன் என்றால் இதற்குப் பகை.

இப்போது என் அளவு இதுதான். 100 கிராம் சோளத்தின் பொரிக்கு 250 கிராம் மார்ஷ்மெல்லோ, 50 கிராம் வெண்ணெய், கால் தேக்கரண்டி உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் ஒரு உருண்டைக்கு மேல் யாரும் தொட மாட்டார்கள். வெண்ணெயை மிகச் சிறு தீயில் உருக்கி, மார்ஷ்மெல்லோவைப் போட்டு, பாதிக்கு மேல் உருகியதும் அடுப்பை அணைத்துவிடுவேன். மீதி தன் சூட்டிலேயே கரையும். விரும்பினால் இரண்டு சொட்டுப் பண்டான் சாறு விடலாம். வெளிர் பச்சையாக, பிள்ளைகளுக்குப் பிடித்த நிறம் வரும். அதைப் பொரியின்மேல் ஊற்றி, அடியிலிருந்து மேலாக மரக்கரண்டியால் புரட்ட வேண்டும்.

அதன் பிறகு இரண்டு நிமிடம் எதுவும் செய்யாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளாதவர்கள் கையில் நூல் நூலாக வெள்ளைப் பசையோடு குழாயடிக்கு ஓடுவார்கள். பொறுத்தவர்கள் உள்ளங்கையில் வெண்ணெயை மெல்லப் பூசிக்கொண்டு, ஒரு கைப்பிடி அள்ளி, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கலாம். அழுத்தக் கூடாது. நெய் உருண்டை பிடிக்கும் கைக்கு அழுத்துவது பழக்கம்; மாவு அழுத்தினால்தான் நிற்கும். பொரியை அழுத்தினால் அதன் காற்றெல்லாம் நசுங்கி, சின்னதாகக் கனத்த, சவைக்க முடியாத கட்டி ஒன்று கையில் மிஞ்சும். மூன்று விரல்களால் சுற்றித் திருப்பி, பொரியும் பொரியும் தொடுகிற இடத்தில் மட்டும் ஒட்டவிட்டால் போதும். ஆரஞ்சுப் பழ அளவில் பதினான்கு பதினைந்து உருண்டைகள் வரும். கலவை நடுவில் இறுகினால் பேசினை வெந்நீர்ச் சட்டியின்மேல் ஒரு நிமிடம் வைத்தால் இளகிவிடும். பாகில் இந்தச் சலுகை கிடையாது, இறுகினால் இறுகியதுதான்.

தீபாவளி வருகிற அக்டோபர், நவம்பரில் எங்கள் பக்கம் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு மழை தொடங்கிவிடும். அந்த நேரத்தில் உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கி வைத்தால், ஐந்து மணிக்கு வருகிற விருந்தாளிக்கு ஈரத் துணியைத் தின்னக் கொடுத்த மாதிரி இருக்கும். பொரி, சர்க்கரை இரண்டுமே காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. நான் காலை பத்து மணிக்குள் பிடித்து, முழுக்க ஆறியதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுகிறேன். குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். மூன்று நாள் தாங்கும். முறுக்கும் அதிரசமும் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே டின்னுக்குள் போய்விடுகிற வீட்டில், இது கடைசி நாள் பலகாரம்.

இனி ஜெலட்டின். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றாலும் தவறில்லை. பாலர் பள்ளியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்ததால், இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மார்ஷ்மெல்லோ வாங்குவதை வழக்கமாக வைத்திருந்தேன். பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் அதில் இருக்காது என்பது உறுதி. மக்சிக்கின் பேரப் பிள்ளைகளுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம். அத்தோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், லயத்துக் காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான பெரியம்மா ஒருவர் வந்திருந்தார். மாட்டிறைச்சி சமைத்த பாத்திரத்தைக்கூடத் தொடாதவர். இரண்டாவது உருண்டையைப் பாதி சாப்பிட்டிருந்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் புதிதாக ஆசை வந்திருந்த என் அக்கா பேத்தி, சமையலறைக் குப்பையிலிருந்து காலிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி "மெங்கண்டுங்கி... ஜெலாட்டின்... லெம்பு" என்று வாசித்தாள். மாட்டு ஜெலட்டின் கலந்தது என்று பொருள்.

பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. கையிலிருந்த பாதியைத் தட்டில் வைத்தார். ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கி, வாயைக் கொப்பளிக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு விளக்கேற்றினார் என்று அவர் மருமகள் வழியாகக் கேள்விப்பட்டேன். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "தெரிஞ்சு செய்யல நீ, விடு. ஆனா சொல்லியிருக்கலாம்மா" என்றார். தெரியாமல் செய்தேன் என்பது பாதி உண்மைதான். மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ அவற்றிலிருந்து எடுத்த பொருளோ கலந்திருந்தால் அதைப் பொட்டலத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. எழுதியிருந்தது. ஏழு வயதுக் குழந்தை வாசித்ததை ஐம்பது வயது ஆசிரியை வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஹலால் முத்திரை ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறவர்களுக்கு இரண்டு கேள்விகள் உண்டு. இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்வது மீன் தோலிலிருந்து எடுக்கிற ஜெலட்டின்; அப்படிப்பட்ட மார்ஷ்மெல்லோ ஹலால் முத்திரையோடு கிடைக்கிறது, எங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் பெரிய பேரங்காடிகளில். விலை இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். மீன் வாடை சிறிதும் அடிப்பதில்லை. ஒரு குறை உண்டு: மாட்டு ஜெலட்டினைவிடக் குறைந்த சூட்டிலேயே இது இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காரில் ஒருமுறை மறந்துவிட்டு வந்து பார்த்தபோது, பொட்டலத்துக்குள் தனித்தனி மார்ஷ்மெல்லோ ஒன்றுகூட இல்லை, தலையணை ஒன்று இருந்தது. உருக்கப் போகிற பொருள்தானே என்று அதையும் பயன்படுத்திக்கொண்டேன். சமைக்கும்போது இன்னும் சிறு தீ போதும், பிடித்த உருண்டையை மின்விசிறிக் காற்றில் கூடுதலாக ஆறவிட வேண்டும்.

ஆனால் மீனும் ஆகாதவர்கள் இருக்கிறார்களே. கந்த சஷ்டி விரதம் தீபாவளி முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறது. அந்த ஆறு நாளும் எங்கள் தெருவில் பாதி வீடு சைவம். ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசிப் பொருளில் செய்த சைவ மார்ஷ்மெல்லோவை வாங்கிப் பார்த்தேன். சில வகை ஒழுங்காக உருகுவதே இல்லை, வெண்ணெயில் நீந்திக்கொண்டு நிற்கிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கிற அகார் அகார் 85 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கரையும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இரண்டு பொட்டலத்தை வீணாக்கிய பிறகு அம்மாதான், "பாகு காய்ச்ச வேண்டியதுதானே" என்றார்.

அப்படித்தான் பாட்டியின் பாகு எங்கள் அடுப்புக்குத் திரும்பி வந்தது. 200 கிராம் வெல்லத்தில் கால் குவளை தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, ஏலக்காயும் சுக்குத் தூளும் சேர்த்துக் காய்ச்சி, அதே பாப்கார்ன் பொரியில் ஊற்றிப் பிடிக்கிறோம். கைக்கு அரிசி மாவு தொட்டுக்கொள்ள வேண்டும், சூடு பொறுக்க வேண்டும். 'டங்' சத்தம் எனக்கு இன்னும் சரியாகக் கேட்பதில்லை. அம்மா கூடத்தில் உட்கார்ந்தபடியே "இறக்கு" என்று குரல் கொடுக்கிறார். சுவையில் எது மேல் என்று கேட்டால் வெல்ல உருண்டைதான் என்று எழுதிவிடுகிறேன். ஆனால் பிள்ளைகள் விருந்தில் முதலில் காலியாவது மார்ஷ்மெல்லோ டின்தான், இதில் என் கருத்தை யாரும் கேட்பதில்லை.

போன தீபாவளிக்கு இரண்டு டின் வைத்திருந்தேன், வெல்லத்துக்கு மஞ்சள் நூலும் மீனுக்கு நீல நூலும் கட்டி. பெரியம்மா வந்தார். மஞ்சள் நூல் டின்னைக் காட்டி, "இது எதுல பிடிச்சது?" என்று கேட்டு, வெல்லம் என்று நான் சொன்னதும் இரண்டு எடுத்து ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கூட வந்த பேரனுக்கென்று நீல நூல் டின்னை அவரே திறந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பையன் வாங்காமல், இதில் மீன் இருக்கிறதாமே, முள் இருக்குமா என்று கேட்டான்.

"முள்ளெல்லாம் இல்லடா, சோளத் தோலுதான் பல்லுல மாட்டும், பார்த்துத் தின்னு" என்றார் பெரியம்மா.